சையத் அப்துல் ரகீம்

சையத் அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 - ஜூன் 11, 1963) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் பயிற்றுநரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கும் இந்தியத் தேசிய அணிக்கும் 1950 முதல் தாம் இறக்கும் வரை பயிற்சியளித்தார். இவரது பயிற்சியின் கீழ் இந்திய அணி 1951 ஆம் ஆண்டு புது தில்லியிலும் 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலும் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறியது. இக்காலம் இந்தியக் காற்பந்தாட்டத்தின் பொற்காலம் என அழைக்கப்படுகிறது. வீரர்கள் இவரை ரகீம் சாகிப் என்று மரியாதையுடன் அழைத்தனர். இவர் நவீன இந்தியக் காற்பந்தாட்டத்தின் சிற்பி எனக் கருதப்படுகிறார்.

பின்னணி

காற்பந்தாட்டம் இந்தியாவுக்குப் பிரித்தானியப் படையினரால் கொண்டுவரப்பட்டது. 1888 இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பையும், 1891 இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையும் தொடக்கத்தில் படைப்பிரிவுகளுக்கு இடையிலான போட்டிகளாகவே இருந்தன. 1911 இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வணியின் வீரர்களுள் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் விளையாடினர். அவ்வெற்றிக்குப் பின்னர் வெறுங்கால் ஆட்டம் இந்தியர்களின் பெருமைக்குரிய அடையாளமாக மாறியது.

நிசாமின் ஆட்சியில் இருந்த ஐதராபாத் அரசில், செகந்திராபாத்தை ஒட்டிய படை முகாம்களின் வழியாக இவ்விளையாட்டு பரவியது. படைப்பிரிவு அணிகளுடன் மோதிப் பழகிய உள்ளூர் இளைஞர்கள் விரைவில் தமக்கென அணிகளை அமைத்துக் கொண்டனர். ஆயினும் வங்காளமே அக்காலத்தில் இந்தியக் காற்பந்தாட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. இந்நிலையை மாற்றியதில் ரகீமுக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமையும் கல்வியும்

ரகீம் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். அதன் பின்னர் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது சரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றில் பணியாற்றினார். இடையில் உடற்கல்வியில் பட்டயம் பெற்றார். இறுதியாகக் குறிப்பிடப்பட்ட இரு பள்ளிகளிலும் விளையாட்டுத் துறைப் பொறுப்பு இவரிடம் இருந்தது.

பிற்காலத்தில் தேசிய அணியின் பயிற்றுநராக இவர் கடைப்பிடித்த முறைகளுள் பல, பள்ளி மாணவர்களுக்கு விளையாட்டுக் கற்பித்த அனுபவத்தில் இருந்து தோன்றியவை. ஒரு பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பிழையறக் கற்ற பிறகே அடுத்ததற்குச் செல்லும் ஆசிரியரின் முறையை இவர் ஆடுகளத்திலும் பின்பற்றினார்.

ஆட்டக்காரராக

ரகீம் மாணவப் பருவத்தில் உசுமானியா பல்கலைக்கழக அணியின் சிறந்த வீரர்களுள் ஒருவராக இருந்தார். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் இணைந்து அமைத்த லெவன் அண்டர்ஸ் என்ற அணியில் விளையாடினார். ஐதராபாத் உள்ளூர்ப் போட்டிகளில் வலிமை வாய்ந்ததாகக் கருதப்பட்ட கமர் கழகத்திற்காகவும் ஆடினார்.

இவர் விளையாடிய காலத்தில் இந்திய அணிக்கு நிலையான பன்னாட்டுப் போட்டிகள் இல்லை. அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு 1937 இல்தான் நிறுவப்பட்டது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோசு கோப்பை 1941 இல் தொடங்கியது. இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் பங்கேற்றது 1948 இல் ஆகும். அப்போது ரகீமின் அகவை 38 ஆகிவிட்டது. எனவே ஆட்டக்காரர் என்ற நிலையில் இவரது புகழ் ஐதராபாத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.

1940களில் இவர் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றார். இறக்கும் வரை இப்பொறுப்பில் நீடித்தார். உள்ளூர்ப் போட்டிகளின் விதிகளை வகுக்கும் அதிகாரம் இப்பதவியின் மூலம் இவருக்குக் கிடைத்தது. பயிற்சியில் தாம் காண விரும்பிய மாற்றங்களைப் போட்டி விதிகளாகவே ஆக்கி நடைமுறைப்படுத்த இது உதவியது.

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. அதன் பின் இரு ஆண்டுகளில் ரகீம் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநரானார். நூர் முகமது, அசீசுதீன், மொயினுதீன் உள்ளிட்ட வீரர்கள் இவ்வணியில் இடம்பெற்றிருந்தனர். காவல்துறையில் வேலை கிடைத்ததால் ஏழைக் குடும்பத்து இளைஞர்கள் கவலையின்றி விளையாட்டில் ஈடுபட முடிந்தது. ஒரே அணியாகப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆடியதால் அவர்களிடையே நல்ல புரிதலும் ஏற்பட்டது.

இரண்டாம் உலகப் போர் காரணமாகத் தடைப்பட்டிருந்த டூரண்ட் கோப்பை, விடுதலைக்குப் பின்னர் முதன்முறையாக 1950 இல் தில்லியில் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் ஐதராபாத் காவல்துறை அணி மோகன் பகானைச் சந்தித்தது. முதல் ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டத்தில் காவல்துறை அணி 1-0 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையையும் வென்ற அவ்வணி, 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அக்கோப்பையைத் தன்வசம் வைத்திருந்தது.

டூரண்ட் கோப்பையை இவ்வணி 1954, 1957 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது ஐதராபாத் மாநிலத்தின் தெலுங்குப் பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்தின் பகுதியாயின. பின்னர் காவல்துறை அணியும் ஆந்திரப் பிரதேசக் காவல்துறை அணி எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பெயரில் அது 1961 இல் மீண்டும் டூரண்ட் கோப்பையை வென்றது. சந்தோசு கோப்பையில் ஐதராபாத் மாநில அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் வாகை சூடியது.

பயிற்சி முறைகள்

ரகீமின் காலத்தில் இந்திய வீரர்களிடம் இரண்டு பழக்கங்கள் பரவலாக இருந்தன. ஒன்று, பந்தைத் தம்மிடமே நீண்ட நேரம் வைத்துக்கொண்டு எதிரணியினரை ஒவ்வொருவராகக் கடந்து செல்ல முயல்வது. மற்றொன்று, வலது கால் அல்லது இடது கால் என ஒரே காலை மட்டும் நம்பியிருப்பது. பார்வையாளர்கள் தனித்திறனைக் கைதட்டிப் பாராட்டியதால் வீரர்களும் அதையே விரும்பினர். ஆனால் உடல் வலிமையும் உயரமும் மிக்க அயல்நாட்டு அணிகளுக்கு எதிராக இப்பழக்கங்கள் பயன் தரவில்லை.

இவற்றை மாற்ற ரகீம் அறிவுரையை மட்டும் நம்பவில்லை. மாறாக, ஐதராபாத்தில் புதிய வகைப் போட்டிகளை நடத்தினார். அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

பந்தைக் கடத்திச் செல்லாத ஆட்டப் போட்டி: இதில் வீரர் பந்துடன் எதிரணியினரை ஏமாற்றிச் செல்ல அனுமதி இல்லை. பந்து கிடைத்தவுடன் அதை மற்றொருவருக்கு அனுப்ப வேண்டும். இதனால் பந்து வருவதற்கு முன்பே அதை எங்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் பழக்கம் வீரர்களுக்கு ஏற்பட்டது. பந்து இல்லாத வீரர்களும் வெற்றிடங்களை நோக்கி ஓடக் கற்றனர்.

வலுக்குறைந்த கால் போட்டி: இதில் வீரர்கள் தமக்குப் பழக்கமில்லாத காலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதன் மூலம் இரு கால்களாலும் பந்தை உதைக்கும் திறன் பெற்றவர்களைத் தடுப்பது எதிரணிக்குக் கடினமாயிற்று.

சிறுவர் போட்டிகள்: உயரத்தின் அடிப்படையில் சிறுவர்களைப் பிரித்து இப்போட்டிகள் நடத்தப்பட்டன. உடல் வளர்ச்சி குன்றிய சிறுவனும் தன் திறமையைக் காட்ட இது வாய்ப்பளித்தது.

உடல் தகுதியிலும் இவர் மிகுந்த கவனம் செலுத்தினார். அதிகம் பேசாதவர் என்றும், ஆட்டத்திற்கு முன்னர் ஒவ்வொரு வீரரிடமும் அவர் செய்ய வேண்டியதை மட்டும் சுருக்கமாகக் கூறுபவர் என்றும் இவரிடம் பயின்றவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். ஒழுங்கை மீறுபவர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும் கண்டிக்கத் தயங்கியதில்லை.

ஆட்ட அமைப்பிலும் ரகீம் புதுமைகளைப் புகுத்தினார். நடு முன்கள வீரரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரரை அவரது இடத்தில் இருந்து வெளியே வரச் செய்யும் உத்தியை இவர் 1950களின் தொடக்கத்திலேயே கையாண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அங்கேரி அணியும் இவ்வுத்தியைப் பயன்படுத்தி உலகப் புகழ் பெற்றது. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அணியால் பரவலாக அறியப்பட்ட 4-2-4 அமைப்பை ரகீம் அதற்கு முன்பே கையாண்டார் எனக் காற்பந்து வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இந்திய அணியின் பயிற்றுநராக

1951 ஆசிய விளையாட்டுப் போட்டி

முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி 1951 மார்ச்சில் புது தில்லியில் நடைபெற்றது. சைலேன் மன்னா தலைமையிலான இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானித்தானையும் தலா 3-0 என்ற கணக்கில் வென்றது. ஈரானுடனான இறுதியாட்டத்தில் சாகு மேவாலால் அடித்த ஒரே கோலினால் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகள் கூட நிறைவடையாத நாட்டுக்கு இவ்வெற்றி பெரும் ஊக்கமாக அமைந்தது.

1952 எல்சிங்கி ஒலிம்பிக்

அடுத்த ஆண்டு எல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் இந்தியா யுகோசுலாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் படுதோல்வி அடைந்தது. பின்லாந்தின் குளிரிலும் ஈரமான புல்தரையிலும் இந்திய வீரர்களுள் சிலர் வெறுங்காலுடன் ஆடினர். இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் அடித்தார். யுகோசுலாவியா அப்போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற வலிமையான அணியாகும்.

இத்தோல்விக்குப் பின்னர் அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிந்து விளையாடுவதைக் கட்டாயமாக்கியது. 1911 முதல் பெருமையாகக் கருதப்பட்டு வந்த வெறுங்கால் ஆட்டம் இவ்வாறு முடிவுக்கு வந்தது. ரகீமைப் பொறுத்தவரை காலணி மட்டும் குறையன்று. விரைவாகப் பந்தை அனுப்புதல், உடல் தகுதி, திட்டமிட்ட ஆட்ட அமைப்பு ஆகிய மூன்றிலும் இந்தியா பின்தங்கியிருந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் இவற்றைச் சரிசெய்யும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன.

இக்காலத்தில் இந்தியா, பாக்கித்தான், இலங்கை, பர்மா ஆகிய நான்கு நாடுகள் பங்கேற்ற கொழும்புக் கோப்பைப் போட்டிகள் இந்திய அணிக்குப் பயிற்சிக் களமாக அமைந்தன. 1952 இல் கொழும்பில் நடைபெற்ற முதற் போட்டியில் இந்தியாவும் பாக்கித்தானும் கோப்பையைப் பகிர்ந்து கொண்டன. 1953 இல் இரங்கூனிலும், 1954 இல் கல்கத்தாவிலும், 1955 இல் டாக்காவிலும் நடைபெற்ற போட்டிகளில் இந்தியா தனித்து வென்றது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்

மெல்போர்னுக்குச் சென்ற இந்திய அணிக்குச் சமர் பானர்ஜி தலைமை வகித்தார். அணியில் ஐதராபாத்தில் உருவான வீரர்கள் பலர் இடம்பெற்றிருந்தனர். முதற் சுற்றில் எதிரணியான அங்கேரி போட்டியில் இருந்து விலகியதால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது.

டிசம்பர் 1 ஆம் நாள் நடைபெற்ற காலிறுதியில் இந்தியா போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் இவரே. நான்காவது கோலைக் கிட்டு என அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி அடித்தார். இவ்வெற்றியின் மூலம் ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையை இந்தியா பெற்றது.

அரையிறுதியில் இந்தியா மீண்டும் யுகோசுலாவியாவைச் சந்தித்தது. இடைவேளை வரை இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. இடைவேளைக்குப் பின்னர் டிசூசா கோல் அடித்து இந்தியாவை முன்னிலைப்படுத்தினார். அந்த முன்னிலை சில நிமிடங்களே நீடித்தது. இறுதியில் யுகோசுலாவியா 4-1 என்ற கணக்கில் வென்றது. வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியா இந்தியாவை 3-0 என்ற கணக்கில் வென்றதால் இந்தியா நான்காம் இடம் பெற்றது. டிசூசா நான்கு கோல்களுடன் அப்போட்டியில் அதிக கோல்கள் அடித்தவர்களுள் ஒருவரானார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பத்துக் கோல்கள் வாங்கிய அதே எதிரணிக்கு எதிராக ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலை பெற்றது ரகீமின் பணிக்குக் கிடைத்த சான்றாகும்.

1960 ரோம் ஒலிம்பிக்

1960 இல் ரோமில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா தகுதிச் சுற்றில் வென்று சென்றது. பி. கே. பானர்ஜி அணித்தலைவராக இருந்தார். அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளுடன் கடினமான குழுவில் இந்தியா இடம்பெற்றது. குழுவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே அடுத்த சுற்றுக்குச் செல்ல முடியும்.

அங்கேரிக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா 2-1 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் கோலைத் துளசிதாஸ் பலராம் அடித்தார். அங்கேரி பின்னர் அப்போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றது. பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் பி. கே. பானர்ஜி அடித்த கோலினால் இந்தியா முன்னிலை பெற்றது. ஆட்டம் முடிவடையச் சில நிமிடங்களே இருந்தபோது பிரான்சு சமன் செய்ததால் ஆட்டம் 1-1 என முடிந்தது. பெருவிடம் இந்தியா 3-1 என்ற கணக்கில் தோற்றது. இதுவே ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் இந்தியா பங்கேற்ற இறுதிப் போட்டியாகும். அதன் பின்னர் 2024 வரை நடைபெற்ற எந்த ஒலிம்பிக்கிற்கும் இந்தியக் காற்பந்து அணி தகுதி பெறவில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி

நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி 1962 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஜகார்த்தாவில் நடைபெற்றது. இக்காலத்தில் ரகீம் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். எனினும் அணியுடன் பயணம் செய்தார். சுனி கோசுவாமி அணித்தலைவராக இருந்தார்.

இந்தியா முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்ற கணக்கில் வென்றது. இவ்வாட்டத்தில் நடுத் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. அவர் இல்லாமலேயே இந்தியா சப்பானை 2-0 என்ற கணக்கில் வென்று அரையிறுதிக்குச் சென்றது.

தையல் பிரிக்கப்படாத நிலையில் ஜர்னைல் சிங்கை அரையிறுதியில் ஆட வைக்க ரகீம் முடிவு செய்தார். தடுப்பாட்டத்தில் தலையால் பந்தை முட்டும் தேவை அதிகம் என்பதால் அவரை நடு முன்கள வீரராக நிறுத்தினார். தெற்கு வியட்நாமுக்கு எதிரான அவ்வாட்டத்தில் இந்தியா 3-2 என்ற கணக்கில் வென்றது. சுனி கோசுவாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர்.

இதற்கிடையில் ஆடுகளத்திற்கு வெளியே நெருக்கடி ஏற்பட்டிருந்தது. இந்தோனேசிய அரசு இசுரேல், தாய்வான் ஆகிய நாடுகளின் வீரர்களுக்கு நுழைவு அனுமதி வழங்கவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவரான இந்தியர் ஜி. டி. சோந்தி இதை எதிர்த்து, இப்போட்டியை ஆசிய விளையாட்டுப் போட்டி என அழைக்கக் கூடாது என்ற கருத்தை முன்வைத்தார். இதனால் ஜகார்த்தாவில் இந்தியர்களுக்கு எதிரான உணர்வு மூண்டது. செப்டம்பர் 3 ஆம் நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. சோந்தி அவசரமாக நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இந்திய அணி சென்ற பேருந்தும் தாக்கப்படலாம் என்ற அச்சத்தால், தலைப்பாகை அணிந்த சீக்கிய வீரர்கள் வெளியில் தெரியாதவாறு பேருந்தின் தரையில் அமர்ந்து சென்றதாக வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

இறுதியாட்டத்திற்கு முந்தைய இரவு வீரர்கள் உறக்கமின்றிக் கலக்கத்தில் இருந்தனர். அப்போது ரகீம் அவர்களை ஒன்றுகூட்டிப் பேசினார். மறுநாள் தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகக் கூறப்படுகிறது.

செப்டம்பர் 4 ஆம் நாள் ஏறத்தாழ ஒரு லட்சம் பார்வையாளர்கள் திரண்டிருந்த செனயான் விளையாட்டரங்கில் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி, முதல் ஆட்டத்தில் இந்தியாவை வென்ற தென் கொரியா. பார்வையாளர்கள் தொடக்கம் முதலே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். அரங்கில் இருந்த பாக்கித்தான் வளைதடிப் பந்தாட்ட வீரர்கள் இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தது குறிப்பிடத்தக்கது.

ரகீம் இவ்வாட்டத்திற்கு அணியில் ஒரு மாற்றம் செய்தார். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் இடம்பெறாத உயரமான கோல்காவலர் பீட்டர் தங்கராஜை மீண்டும் களமிறக்கினார். உயரப் பந்துகளைத் தடுக்க அவரே பொருத்தமானவர் என்று ரகீம் கருதினார். காலில் காயமடைந்திருந்த திரிலோக் சிங்கும் விளையாடினார். 17 ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும் 20 ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் தென் கொரியா ஒரு கோல் அடித்தது. இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. 2023 வரை நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா காற்பந்தாட்டத்தில் வென்ற இறுதித் தங்கப் பதக்கம் இதுவேயாகும்.

தமிழ் வீரர்களுடன் தொடர்பு

ரகீமின் அணிகளில் தமிழ் வீரர்கள் பலர் முக்கிய இடம் வகித்தனர். துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழ்மையான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் இவரது திறனைக் கண்ட ரகீம், பயிற்சிக்கு வந்து செல்லப் பணம் இல்லாத நிலையில் மிதிவண்டிக்கு வழி செய்து கொடுத்தார். பலராம் 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளிலும் 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் விளையாடினார். பி. கே. பானர்ஜி, சுனி கோசுவாமி, பலராம் ஆகிய மூவரும் இந்திய முன்களத்தின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்பட்டனர்.

ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் படையில் சேர்ந்து நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தின் அணியில் வளர்ந்தவர். அவ்வணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. தொடக்கத்தில் முன்கள வீரராக இருந்த தங்கராஜ் பின்னர் கோல்காவலராகி ஆசியாவின் சிறந்த கோல்காவலர்களுள் ஒருவராகப் புகழ் பெற்றார். சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். இவர் பின்னர் பயிற்றுநராகிக் கேரள அணி 1973 இல் முதன்முறையாகச் சந்தோசு கோப்பையை வெல்லக் காரணமாக இருந்தார். 1962 இல் தங்கம் வென்ற அணியில் எத்திராஜ், அருமைநாயகம் ஆகியோரும் இருந்தனர்.

மறைவு

ஜகார்த்தாவில் இருந்து திரும்பிய பின்னர் ரகீமின் உடல்நிலை மேலும் மோசமடைந்தது. 1963 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் நாள் இவர் காலமானார். அப்போது இவரது அகவை 53. தங்கப் பதக்கம் வென்று பத்து மாதங்கள் கூட நிறைவடையவில்லை.

இவரது மகன் சையத் சாகித் அக்கீம் (1939-2021) 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். இந்திய வான்படை அதிகாரியாகவும், பன்னாட்டுக் காற்பந்து நடுவராகவும், பயிற்றுநராகவும் பணியாற்றினார். 2017 இல் இந்திய அரசின் தியான் சந்த் விருது பெற்றார்.

மறைவுக்குப் பின்னர்

ரகீம் மறைந்த மறு ஆண்டில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் இந்திய அணி இரண்டாம் இடம் பெற்றது. அப்போது ஆங்கிலேயரான ஆரி ரைட் பயிற்றுநராக இருந்தார். ஆனால் அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு இந்தியா தகுதி பெறத் தவறியது. 1965-66 இல் ஆந்திரப் பிரதேசம் சந்தோசு கோப்பையை வென்றது. 1970 இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. அதன் பின்னர் இப்போட்டிகளில் இந்தியாவுக்குக் காற்பந்தாட்டப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஐதராபாத்தும் இந்தியக் காற்பந்தாட்டத்தில் தனக்கிருந்த இடத்தைப் படிப்படியாக இழந்தது.

இவ்வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. சப்பான், தென் கொரியா போன்ற நாடுகள் இளையோர் பயிற்சியிலும் தொழில்முறைப் போட்டிகளிலும் பெருமளவு முதலீடு செய்தன. இந்தியாவில் உள்நாட்டு ஆட்டங்கள் நெடுங்காலம் 70 நிமிடங்களுக்கே நடத்தப்பட்டதால் வீரர்கள் 90 நிமிட ஆட்டத்திற்குத் தேவையான உடல் தகுதியைப் பெறவில்லை. ரகீம் தம் சொந்த முயற்சியால் ஐதராபாத்தில் நடத்திய சிறுவர் போட்டிகளும் வலுக்குறைந்த கால் போட்டிகளும் நாடு தழுவிய திட்டமாக மாற்றப்படவில்லை. அவை ஒரு பள்ளி ஆசிரியரின் தனிப்பட்ட ஈடுபாட்டைச் சார்ந்தே நடந்தன. அவர் மறைந்ததும் அவற்றைத் தொடர அமைப்பு எதுவும் இல்லாமல் போயிற்று.

நினைவு

சிறந்த பயிற்றுநர்களுக்கு இந்திய அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது, ரகீம் மறைந்து 22 ஆண்டுகள் கழித்து 1985 இல்தான் ஏற்படுத்தப்பட்டது. இவரிடம் பயின்ற பி. கே. பானர்ஜி பிற்காலத்தில் கல்கத்தாவின் கிழக்கு வங்காளம், மோகன் பகான் அணிகளின் புகழ்பெற்ற பயிற்றுநரானார். அவரும் சுனி கோசுவாமியும் 2020 இலும், பலராம் 2023 இலும் காலமாயினர். தங்கராஜ் 2008 இல் மறைந்தார்.

ரகீமின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024 ஏப்ரலில் வெளியானது. அமித் சர்மா இயக்கிய இப்படத்தில் அஜய் தேவ்கன் ரகீமாகவும், பிரியாமணி அவரது மனைவியாகவும் நடித்தனர். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். காற்பந்து ஆர்வலர்களிடையே மட்டும் அறியப்பட்டிருந்த ரகீமின் பெயர் இப்படத்தின் மூலம் இளந்தலைமுறையினரையும் சென்றடைந்தது.

முக்கிய வெற்றிகள்

இந்திய அணி
- ஆசிய விளையாட்டுப் போட்டி, தங்கப் பதக்கம்: 1951, 1962
- ஒலிம்பிக், நான்காம் இடம்: 1956

ஐதராபாத் மாநில அணி
- சந்தோசு கோப்பை: 1956-57, 1957-58

ஐதராபாத் நகரக் காவல்துறை / ஆந்திரப் பிரதேசக் காவல்துறை அணி
- டூரண்ட் கோப்பை: 1950, 1954, 1957, 1961
- ரோவர்ஸ் கோப்பை: 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை